ஆட்டத்துக்கும் ஒரு அரசவைப் பதவி!

குட்டீஸ், உங்கள் வகுப்பில் லீடர் இருப்பார். விளையாட்டுக்குக் கேப்டன் இருப்பார். நடனத்துக்கு என்று யாராவது இருக்கிறார்களா? ஒரு வகுப்புக்கே இல்லாதபோது, ஒரு மாநிலத்துக்கே 'இவர்தான் நம் நடனக் கலைஞர்' என்று அரசாங்கம் ஒருவரை நியமித்தால் எப்படி இருக்கும்?

நம் தமிழ்நாட்டிலேயே அப்படி நடந்திருக்கிறது!

கௌரவப் பதவி என்றால்?

கோப்பு பார்ப்பது, கையெழுத்துப் போடுவது எல்லாம் இதில் கிடையாது. ஒரு கலையில் சிறந்தவரை அரசு மரியாதை செய்து, தன் கலைஞராக ஏற்றுக்கொள்வதுதான் கௌரவப் பதவி. 1949ல் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை அன்றைய சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, 1978ல் கண்ணதாசன் அரசவைக் கவிஞர் ஆனார்.

அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரதநாட்டியக் கலைஞர் ஸ்வர்ணமுகிக்கு 'அரசவை நர்த்தகி' என்ற பதவி கிடைத்தது. கோவில் சிற்பங்களில் இருக்கும் கரணங்களை மேடையில் ஆடிக் காட்டிப் புகழ் பெற்றவர் அவர். உடம்பை வில்லாக வளைத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கும் நிலைகள் எல்லாம் கரணங்களில் உண்டு. மொத்தம் 108 கரணங்கள். தஞ்சைப் பெரிய கோவிலில் 81 கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மீதி 27க்கு ஒதுக்கிய கற்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன!

நர்த்தகி பதவியும் அந்தக் கற்களைப் போலத்தான். பிறகு அது தொடரவில்லை.

ராஜராஜன் கொடுத்த பங்கு

நடனக்காரர்களுக்கு அரசு வேலை கொடுப்பது புதுப் பழக்கம் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜ சோழன், சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து 400 நடனப் பெண்களைத் தஞ்சைக்கு அழைத்து வந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் கிடைக்கும்படி ஒரு பங்கு. இதையெல்லாம் பெரிய கோவில் சுவரில் கல்வெட்டாகவே வெட்டி வைத்தான்.

வெறும் பட்டத்தோடு அவன் நிற்கவில்லை பார்த்தீர்களா? ஆடுகிறவருக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்கக்கூடாது என்று நினைத்தான்.

கரிசல் காட்டு அரண்மனை

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர். இங்கே இருந்த சமஸ்தானமும் கலைஞர்களை ஆதரித்தது. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835ல் காலமானது இந்த ஊரில்தான். அவர் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் இங்கே சமஸ்தான வித்வானாக இருந்தார். 1904ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய புத்தகத்தை எட்டயபுரத்திலிருந்தே வெளியிட்டார். பாட்டுகளை ஸ்வரக் குறிப்புகளோடு எழுதி வைத்த புத்தகம் அது. இன்றும் இசை படிப்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். ஒரு பதவியால் என்ன பயன் என்று கேட்டால், இதைக் காட்டலாம்!

கழுகுமலைக்குப் போனால் வெட்டுவான் கோவிலைப் பாருங்கள். பாண்டியர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து செய்த கோவில். அங்கே தட்சிணாமூர்த்தி மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார்!

பாட்டே இல்லாத ஆட்டம்

இந்தக் கரிசல் பூமியின் சொந்த ஆட்டம் தேவராட்டம். ராஜகம்பளத்து நாயக்கர் சமூகத்தினர் பரம்பரையாக ஆடி வருவது. தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி இதற்குப் பேர் போன ஊர்.

காலில் சலங்கை, கையில் துணி. பாட்டு கிடையாது. 'தேவதுந்துபி' என்ற தோல் கருவி முழங்க, அந்த அடிக்குத் தகுந்தபடி வரிசையாக நின்று எல்லாரும் ஒரே மாதிரி அடவு வைப்பார்கள். முதலில் நிதானமாகப் போகும். அப்புறம் அடி வேகம் பிடிக்கும். ஆட்டமும் கூடவே வேகம் பிடிக்கும். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடினார்கள். இப்போது பள்ளி, கல்லூரி மேடைகளில் மாணவிகளும் ஆடுகிறார்கள்.

ஆனால், ஒரு கஷ்டம் இருக்கிறது. கரிசல் காட்டில் வானம் பார்த்துத்தான் வெள்ளாமை. பருத்தியோ, கம்போ, சோளமோ மழை பெய்தால்தான் உண்டு. கையில் காசு இருந்தால்தான் கோவில் கொடையும் கல்யாணமும் களை கட்டும். ஆட்டக்காரர்களுக்கும் அப்போதுதான் அழைப்பு வரும். மற்ற நாளில் காட்டு வேலை, தீப்பெட்டி ஆபீஸ் வேலை என்று போக வேண்டியதுதான். தேவதுந்துபி அடிப்பவர் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டால், ஆடத் தெரிந்த பத்துப் பேர் ஊரில் இருந்தும் பயன் இல்லை. அடி இல்லாமல் ஆட்டம் ஏது?

அரசவை நர்த்தகி மாதிரி ஒரு பதவி கரிசல் காட்டு ஆட்டக்காரருக்கும் கிடைத்தால்? வாரம் ஒரு பள்ளிக்கூடம் போய்ச் சொல்லித் தரலாம். தேவதுந்துபி அடிக்க நாலு பேரைப் பழக்கலாம். சுப்பராம தீட்சிதர் பாட்டுகளை எழுதி வைத்ததைப் போல, ஒவ்வொரு அடவையும் படம் பிடித்து வைக்கலாம். இந்த வேலைகளுக்கு அரசு சம்பளமும் தர வேண்டும். மாலை மட்டும் போட்டால் வயிறு நிறையாதே!

உங்களுக்கும் ஒரு பட்டம்!

அரசவைப் பதவி இப்போது இல்லை. ஆனால், மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாக விருது தருகின்றன. 18 வயது வரை 'கலை இளமணி'. அதற்கு மேலே வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று போகும். பரதம் மட்டும் இல்லை, கிராமியக் கலைகளுக்கும் உண்டு. அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 வயதிலிருந்து 16 வயது வரை உள்ளவர்கள் நடனம், பாட்டு, ஓவியம் எல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 29 உலக நடன தினம். 1982 முதல் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் உங்கள் ஊர் ஆட்டக்காரர் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்கும்படி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்களேன். கூடவே மேளக்காரரையும் மறக்காமல் கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களிடம் ஒரே ஒரு அடவாவது கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த கலை இளமணி நீங்களாகவே இருக்கலாம்!