தூண்டில் வடிவில் வெள்ளிக்காசு

மாலைதீவோடு வியாபாரம் செய்பவர்களுக்கு ‘லாரி’ தெரிந்திருக்கும். அங்கு 100 லாரி ஒரு ருபியா. பாரசீகத்தின் லார் நகரிலிருந்து வந்த பெயர் அது. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து அறபு எழுத்தில் முத்திரை அடித்த காசு. எடை 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. லாரிலும் ஹோர்முஸிலும் அடிக்கப்பட்டு, 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் இந்து சமுத்திர வியாபாரத்தில் நன்றாக ஓடியது.

இலங்கையில் அதைத் தூண்டில் போல வளைத்தார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தனது நூலில் எழுதியிருப்பதை வாசித்து வியந்து போனேன். அரசனின் அனுமதியோடு யாரும் இக்காசைச் செய்யலாம், விரும்பிய முத்திரையையும் குத்தலாமாம்! அப்படியென்றால் கள்ளக்காசு மலிந்துவிடாதா? சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெள்ளையாக வராவிட்டால் அது செல்லாது. செம்பு கலந்திருந்தால் சூட்டில் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். (நாம் ஆயிரம் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலத்தான்.)

ஸ்பானிய எட்டு ரியால் காசைவிட இந்த வெள்ளி சுத்தமானது என்கிறார் நொக்ஸ். அந்த ரியாலுக்கோ பெரிய நாணயசாலைகளும் அரச முத்திரையும் இருந்தன. ஆனாலும் பொட்டோசி நாணயசாலையில் உள்ளே இருந்தவர்களே வெள்ளியைக் குறைத்து அடித்தார்கள். 1650இல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. அந்தக் காசின் பெறுமதியையும் அரசு குறைத்தது. நட்டம் அதைக் கையில் வைத்திருந்த வியாபாரிக்கு.