சாக்லேட் தாள், போட்டோ நெகட்டிவ்... பொய்மீனுக்குப் பளபளப்பு வந்த கதை!

ஃபின்லாந்து மீனவர் லவுரி ரபாலா, 1936-ல் தக்கையில் ஒரு குட்டி மீனைச் செதுக்கினார். மேலே சாக்லேட் சுற்றிவந்த ஜிகினாத் தாளை ஒட்டினார். தண்ணீர் இறங்காமல் இருக்க, போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்கும் அந்தப் பொய்மீன், அதாவது 'லூர்', பின்னாளில் 'ரபாலா' என்ற உலக பிராண்டாகவே ஆகிவிட்டது.

இன்று வீட்டிலேயே மரத்தில் லூர் செதுக்குபவர்கள் நெகட்டிவைத் தேடுவதில்லை. அவர்கள் நம்புவது எபாக்சியை. நம் வீட்டு அரால்டைட்டின் சொந்தக்காரன்தான், ஆனால் நிதானமாக இறுகும் ரகம்.

இது வெறும் அழகுக்காக அல்ல. பைக் போன்ற மீன்களின் பல் ஊசி மாதிரி இருக்கும். பூச்சில் ஒரு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் புகுந்து மரம் உப்பி, பெயின்ட் வெடித்துவிடும். பல நாள் உழைப்பு ஒரே மாலையில் காலி!

பெரிய வில்லன், காற்றுக்குமிழி. மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்றே பூச்சுக்குள் குமிழியாகக் கிளம்பும். அதனால் பெயின்ட் அடிக்கும் முன்பே சீலர் பூசி மரத்தை அடைத்துவிடுகிறார்கள். ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில், சிரிஞ்சால் அளந்து கலக்க வேண்டும். கண்ணளவு இங்கே உதவாது. அளவு தப்பினால், எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பது போல அடித்தால் குமிழிதான் மிஞ்சும். மெதுவாகக் கிளறி, அலுமினிய ஃபாயிலில் பரப்பினால் குமிழிகள் மேலே வந்து உடையும். கப்பிலேயே விட்டால் கலவை சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும்.

லூரைத் வெறும் கையால் தொடவும் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் எபாக்சி விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும்.

பூசியதும் தொங்கவிட்டால் எல்லாம் வழிந்து வால்பக்கம் சொட்டாக நிற்கும். அதற்குத்தான் சுழலும் மோட்டார். கோழி சுடும் கிரில் மோட்டாரையே சிலர் மாட்டிவிடுகிறார்கள்! நிமிடத்துக்கு 4, 5 சுற்று போதும். எபாக்சி இறுகும் வரை சில மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் அரிப்பெடுக்கும்.

இன்னொன்று, பளபளப்பு ஆசையில் பூச்சுமேல் பூச்சு போட்டால் எடை கூடி, லூர் நெளிந்து நீந்தாது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன்தான் திரும்பிப் பார்க்காது.