உறைபனிக் காலத்து உலை: நீலகிரி வீடுகளின் குளிர்காலச் சமையல்

விடியற்காலை. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல வெள்ளை. இரவு வெளியே நிறுத்திய ஜீப்பின் கண்ணாடியில் பனி இறுகிக் கிடக்கிறது. காரில் வந்து இறங்கிய சுற்றுலாப் பயணிகள் அதைச் சுரண்டிக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

அதே நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கேரட் பாத்திகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் இலையில் படிந்த பனியைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் பயிர் கருகிவிடும். பார்க்க வருபவர்களுக்கு உறைபனி அழகு. அங்கேயே வாழ்பவர்களுக்கோ அது பிழைப்பில் கை வைக்கும் விஷயம். நீலகிரியின் குளிர்காலச் சாப்பாட்டை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

பனி விழுந்தால் வருமானமும் விழும்

நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மேகமில்லாத இரவுகளில் நிலத்தின் சூடு தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. கனமான குளிர்காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பிக்க, பள்ளத்தில் இருக்கும் தோட்டம் கருகுவது இதனால்தான்.

தேயிலைக் கொழுந்துக்குப் பனி ஆகாது. இளஞ்செடிகள் மேல் தாகைத் தழைகளைப் பரப்பி மூடி வைப்பார்கள். அதையும் மீறிக் கருகினால், புதுக் கொழுந்து வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கு அனுப்பும் சிறு விவசாயிக்கு எடை குறையும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்குக் கூலி குறையும். உடம்பு கூடுதலாகச் சாப்பாடு கேட்கும் மாதங்களில்தான் கையில் காசு குறைகிறது. மலை வீட்டுப் பெண்களின் சமையல் சாமர்த்தியமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தது.

மாவு பொங்கிச்சா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, குன்னூர் பக்கம் அக்கம்பக்கத்து வீடுகளில் நலம் விசாரிப்பதோடு சேர்த்துக் கேட்கும் கேள்வி இது. சமவெளியில் ஓர் இரவில் பொங்கும் இட்லி மாவு, இங்கே மறுநாள் மதியம்கூட அசையாமல் கிடக்கும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அணைந்த விறகடுப்பின் ஓரத்தில் வைப்பார்கள். தயிருக்கும் அதே உபசாரம். உறை ஊற்றிய பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதும் உண்டு. தேங்காய் எண்ணெயோ புட்டியில் கல்லாக உறைந்திருக்கும். வெந்நீரில் வைத்தால்தான் இளகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் பருப்பு வேகாது. சென்னையில் நான்கு விசிலில் குழையும் பயறு, இங்கே இன்னும் சில விசில் கேட்கும். முதல் நாள் இரவே ஊறப்போடும் பழக்கமும், குக்கரை உயிராக மதிப்பதும் இதனால் வந்தவை.

அவரையும் ராகியும்

படுகர் வீடுகளில் குளிருக்குத் தோதான சாப்பாடு என்றால், ராகிக் களியும் அவரைக் குழம்பும்தான். களியை ‘இட்டு’ என்றும், குழம்பை ‘உதக்க’ என்றும் சொல்வார்கள். வீட்டை ஒட்டிய சிறு தோட்டத்தில் விளையும் அவரையை உரித்துக் காயவைத்துச் சேமித்தால், பனிக்காலத்துக் குழம்புக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. தோட்டத்தில் வேலை குறைந்த நாளிலும் உலையில் போட ஏதாவது இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் வரும் ஹெத்தையம்மன் பண்டிகையின்போது கோத்தகிரி அருகே பேரகணி உள்ளிட்ட ஊர்களில் வெள்ளை உடுத்திய மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரள்வார்கள். பண்டிகை என்றால் ஊர் முழுக்கச் சேர்ந்து சாப்பிடுவதும் அதில் அடக்கம். அப்போதும் சோற்றோடு அவரைக் குழம்பு இருக்கும். வீட்டுக்குள் சிக்கனமாக இருந்த அவரை, ஊருக்கென்று வரும்போது பெரிய பாத்திரத்தில் தாராளமாகக் கொதிக்கும்.

ஒருகாலத்தில் இந்த மலைச் சரிவுகளில் சாமை, கொரலி, ராகி, வாற்கோதுமை எல்லாம் விளைந்தன. பிறகு அந்த நிலங்களில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் மாறிவிட்டது. இன்று ராகி மாவு மளிகைக் கடையிலிருந்து வருகிறது. தாத்தா காலத்தில் வயலிலிருந்து வந்த களி, இப்போது தேயிலை விற்ற காசில் வருகிறது. அதனால்தான் பனி கொழுந்தைக் கருக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் முதலில் அரிசி, மாவு டப்பாக்களைத் திறந்து பார்க்கிறார்கள்.

கடல் தாண்டி வந்த ரொட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் காலை நேரத்தில் வேறொரு வாசனை வரும். கோதுமை மாவோடு தேங்காய்த் துருவலைச் சேர்த்துப் பிசைந்து, கல்லில் கனமாகச் சுட்ட ரொட்டி. தொட்டுக்கொள்ள, வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பல்.

இலங்கை மலையகத்திலிருந்து வந்த சாப்பாடு இது. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, நீலகிரியில் வனத்துறை 1968-ல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது ‘டான்டீ’ ஆனது. கடல் தாண்டி வந்தவர்களின் கையில் பெட்டி படுக்கை அதிகம் இல்லை. கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது.

குளிரும் தோட்ட வேலையும் சேர்ந்த வாழ்க்கைக்கு இந்த ரொட்டி அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தும். மாவு பொங்கக் காத்திருக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் சுடலாம். துணியில் சுற்றி மலைக்கு எடுத்துப் போனால் மதியம்வரை கெடாது. இரண்டு ரொட்டி தின்று, ஒரு டம்ளர் சாயத் தண்ணீர் குடித்தால் சரிவில் ஏறி இறங்கத் தெம்பு வந்துவிடும்.

அவரைக் குழம்பு: நம் வீட்டிலும் செய்யலாம்

நான்கு பேருக்கு ஒரு கப் காய்ந்த அவரைப் பருப்பு போதும். கிடைக்காவிட்டால் மொச்சை. இரவே வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். மறுநாள் இரண்டு உருளைக்கிழங்கைப் பெரிய துண்டுகளாக நறுக்கிச் சேர்த்து, உப்பு போட்டுக் குக்கரில் மெத்தென வேகவிடுங்கள். மல்லி, மிளகாய் வற்றல், மிளகு, சீரகத்தை வறுத்துப் பொடித்ததில் இரண்டு டீஸ்பூன் போட்டுக் கொதிக்கவிடுங்கள். இரண்டு கிழங்குத் துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும். கடைசியில் சின்ன வெங்காயமும், தட்டிய பூண்டு ஆறு பல்லும் எண்ணெயில் சிவக்க வதக்கிக் கொட்டி இறக்குங்கள். மலைப்பூண்டு கிடைத்தால் மணம் தூக்கலாக இருக்கும். வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும். சூடான ராகிக் களிக்கும் சோற்றுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

கதவைச் சாத்தும் முன்…

குளிருக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவது மிகவும் ஆபத்து. புகை தெரியாவிட்டாலும் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிர்காலச் சுற்றுலா போகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. அடுப்பின் சூட்டில் கூடி உட்கார்ந்து பேசிச் சாப்பிட்ட பிறகு, கங்கை வெளியே வைத்துவிட்டுக் கம்பளிக்குள் புகுவதே பத்திரம்.

மலை வீடுகளில் படுக்கப் போகுமுன் ஒருமுறை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். மேகம் இருந்தால் நிம்மதி. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் விடியலில் பனி நிச்சயம். நாற்றுகளை மூடிவிட்டு வந்து, மறுநாள் குழம்புக்கு அவரையை ஊறப்போட்டுவிட்டு விளக்கை அணைப்பார்கள்.