400 கட்டங்கள்... ஒரு தப்புக் கணக்கு... இன்ஜின் காலி!

டர்போ காரின் மூளையை மாற்றுபவர்கள் ஏன் வியர்த்துக் கொட்டுகிறார்கள்?

'டோக்கியோ டிரிஃப்ட்' படம் பார்த்தவர்களுக்கு, ஹான் ஓட்டி வரும் அந்த ஆரஞ்சு - கறுப்பு கார் மறந்திருக்காது. படத்துக்காக ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருந்தாலும், உள்ளே இருப்பது மஸ்தா ஆர்.எக்ஸ்-7. ஜப்பானில் 1991 இறுதியில் அறிமுகமாகி, 2002-ல் விடைபெற்ற மாடல். ரசிகர்கள் செல்லமாக 'எஃப்.டி' என்பார்கள்.

இந்த காரை வைத்திருப்பவர்களுக்குப் பெருமை எவ்வளவு உண்டோ, பயமும் அவ்வளவு உண்டு. காரணம், இன்ஜினுக்குள் இருக்கும் ஆறு மெல்லிய பட்டைகள். ஒன்றின் தடிமன் 2 மி.மீ.தான். அதில் ஒன்று உடைந்தாலும் இன்ஜினைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். பட்டை பத்திரமாக இருப்பதும் பணால் ஆவதும், காரின் கம்ப்யூட்டரில் எழுதப்படும் சில எண்களின் கையில் இருக்கிறது.

பிஸ்டனே கிடையாது!

எஃப்.டி-யில் இருப்பது 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் போய் வரும் பிஸ்டனுக்குப் பதிலாக, முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு இதில் சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒரு பட்டை. அதற்கு 'அபெக்ஸ் சீல்' என்று பெயர். இன்ஜினின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடி, காற்றழுத்தம் கசியாமல் காப்பது இதன் வேலை.

1960-களில் மஸ்தாவுக்குத் தண்ணி காட்டியதும் இந்த சீல்தான். ஓட ஓட, சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. பொறியாளர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழு ராப்பகலாக மல்லுக்கட்டி அதைச் சரிசெய்த பிறகே, 1967-ல் 'காஸ்மோ ஸ்போர்ட்' கார் சாலைக்கு வந்தது.

எஃப்.டி-யில் இந்த இன்ஜினோடு இரண்டு டர்போக்களும் சேர்ந்துகொண்டன. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று முடிவெடுப்பது ஈ.சி.யு எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டர்.

சைலன்சரை மாற்றினால் மூளையையும் மாற்றணுமா?

எஃப்.டி வாங்குபவர்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். 'கொஞ்சம் சத்தம், கொஞ்சம் வேகம்' என்று சாதாரணமாக நினைத்துச் செய்வார்கள். ஆனால், புகை தடையின்றி வெளியேறினால் டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். நிறுவனம் நிர்ணயித்த அழுத்தம் சுமார் 0.7 பார். அதைத் தாண்டி காற்று உள்ளே பாயும். பழைய மாதிரியே ஓடும் காருக்காக எழுதப்பட்ட கம்ப்யூட்டர் கணக்கு இங்கே உதவாது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றானால் 'நாக்கிங்' தொடங்கும். அதாவது, தீப்பொறியிலிருந்து தீ பரவி வருவதற்குள், மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். சாதாரண இன்ஜின் லேசான நாக்கிங்கைத் தாங்கிக்கொள்ளும். ரோட்டரியின் சீலுக்கு அது சுத்தியலடி!

உள்ளங்கை 'கமாண்டர்'

இந்தச் சிக்கலுக்கு 1990-களில் விடையாக வந்தவற்றில் புகழ்பெற்றது, ஜப்பானின் அபெக்ஸி நிறுவனம் தயாரித்த 'பவர் எஃப்.சி'. ஒயரை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. ஒரிஜினல் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் செருகினால் போதும். 'எஃப்.சி கமாண்டர்' என்ற சின்னத் திரையை இணைத்தால், ஓடும் இன்ஜினின் நாடித்துடிப்பு கைக்குள் வந்துவிடும்.

பெட்டிக்குள் இருப்பது, நம்ம வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வாய்ப்பாடு மாதிரி ஓர் அட்டவணை. ஒரு பக்கம் இன்ஜினின் வேகம், இன்னொரு பக்கம் காற்றழுத்தம். 20-க்கு 20, மொத்தம் 400 கட்டங்கள். பெட்ரோலுக்கு ஒன்று, தீப்பொறிக்கு ஒன்று எனத் தனித்தனி அட்டவணைகள். கார் ஓடும்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ, அந்த எண்தான் அப்போதைக்கு இன்ஜினின் தலையெழுத்து.

முதலில் உடம்பு, பிறகு மூளை

அனுபவசாலி டியூனர் எடுத்த எடுப்பில் லேப்டாப்பைத் திறக்க மாட்டார். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். ரோட்டரின் மூன்று பக்கமும் சமமான அழுத்தம் தருகிறதா என்று பார்ப்பார். பிறகு பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக். இரட்டை டர்போவை இயக்கும் வேக்யூம் குழாய்கள் எஃப்.டி-யில் எலிக்கூடு போலப் பின்னிக் கிடக்கும். முப்பது வயதான ரப்பரில் ஒரு வெடிப்பு இருந்தாலும், எழுதும் கணக்கு அத்தனையும் வீண்.

அடுத்தது, பெட்டிக்குக் காரைப் பழக்குவது. அரை மணி நேரம் கார் நின்ற இடத்திலேயே ஓடும். முதல் 10 நிமிடம் சும்மா, அடுத்த 10 நிமிடம் விளக்குகள் போன்ற மின்சாரச் சுமையோடு, கடைசி 10 நிமிடம் ஏ.சி-யும் சேர்த்து. இந்தப் பொறுமை இல்லாதவர்களின் கார்தான் சிக்னலில் நின்று நின்று அணையும்.

டைனோ மேடையில்...

பிறகு டைனோ. உருளைகள் மீது சக்கரம் சுழல, நின்ற இடத்திலேயே கார் 'ஓடும்' மேடை அது. புகைக்குழாயில் 'வைட்பேண்ட்' சென்சாரை மாட்டுவார்கள். பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று அது சொல்லும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஆனால், டர்போ முழு மூச்சில் இருக்கும்போது ரோட்டரிக்கு அந்த அளவு ஆகாது. சுமார் 11 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ பெட்ரோல் கொடுப்பார்கள். எரியாமல் மிஞ்சும் பெட்ரோல், உள்ளே வெப்பத்தைத் தணிக்கும். வீணாகத் தெரியும் அந்தப் பெட்ரோல்தான் இன்ஜினின் இன்ஷூரன்ஸ்!

குறைந்த அழுத்தத்தில் ஓர் ஓட்டம். கார் எந்தெந்தக் கட்டங்களைத் தொட்டது என்று பார்த்து, அவற்றை மட்டும் திருத்துவார்கள். பிறகு அழுத்தத்தை ஒரு படி ஏற்றி, மறுபடி ஓட்டம், மறுபடி திருத்தம். தீப்பொறி நேரத்தை ஒரு டிகிரி முன்னே தள்ளினால் குதிரைத்திறன் கொஞ்சம் கூடும். ஆசை எட்டிப் பார்க்கும் இடமும் அதுதான். கமாண்டர் திரையில் நாக்கிங் எண் சட்டென்று எகிறினால், அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாக வேண்டும்.

பழசா, புதுசா?

பவர் எஃப்.சி-யின் வயது அதன் குறைகளில் தெரிகிறது. லேப்டாப்பில் இணைக்க 'டேட்டாலாஜிட்' என்ற வேறொரு பெட்டி வேண்டும். பெட்ரோல் குறைந்தாலோ, ஆயில் அழுத்தம் விழுந்தாலோ, புதிய கம்ப்யூட்டர்கள் தாமாகவே இன்ஜினைக் காப்பாற்றும்படி அமைக்க முடியும். இந்தப் பழைய பெட்டியில் அந்தக் காவல் குறைவு. ஓட்டுநரின் கண்ணும் காலும்தான் காவல்காரர்கள். ஆனாலும், ஒயரிங்கைத் தொடாமல் வேலை முடிவதாலும், இதை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த டியூனர்கள் இருப்பதாலும் பலர் இன்னும் இதை விடவில்லை.

நம்ம ஊர் டர்போவுக்கும்...

இன்று நம்ம ஊர் சாலைகளிலும் டர்போ பெட்ரோல் கார்கள் நிறைய. 'ரீமேப் பண்ணா பவர் பறக்கும்' என்ற ஆசைவார்த்தையும் கூடவே வருகிறது. சம்மதிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்ஜினின் உடல்நிலையைச் சோதித்தார்களா? மாற்றிய பிறகு டைனோவிலோ வைட்பேண்டிலோ அளந்து காட்டுவார்களா? பழைய கணக்கைப் பத்திரமாகச் சேமித்து வைப்பார்களா? வாரன்ட்டி பறிபோகலாம் என்பதும் நினைவிருக்கட்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது.

ஒரு நல்ல டியூனரை அடையாளம் காண எளிய வழி உண்டு. இன்னும் கொஞ்சம் பவர் எடுக்கலாம் என்று தெரிந்தும், அதை எடுக்காமல் விட்டுவிடுவார். டைனோ காகிதத்தில் அது சில குதிரைத்திறன் நஷ்டம். ஆனால் கொளுத்தும் வெயிலில், மலையேற்றத்தில், தரம் குறைந்த பெட்ரோல் கிடைக்கும் நாளில், அந்த 2 மி.மீ. பட்டை உடையாமல் வீடு வந்து சேர்வது அந்த மிச்சத்தால்தான்!