மூட்டையில் அச்சிடும் பெயர் யாருக்குச் சொந்தம்?

விளைபொருளை அப்படியே மண்டியில் இறக்கிவிட்டு வந்த காலத்தில் உழவருக்குப் பெயர்த் தகராறு எதுவும் இருக்கவில்லை. நெல்லைக் குற்றி அரிசியாகவும், நிலக்கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாகவும், கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லமாகவும் தாமே பை கட்டி விற்கத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை வந்து சேர்ந்தது. பையில் ஒரு பெயரும் ஒரு படமும் வேண்டியுள்ளது. நான்கைந்து ஆண்டுகள் நல்ல சரக்குக் கொடுத்தால், கடைக்கு வருபவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார். அப்போது பார்த்து அதே பெயரில் வேறொருவரின் பை கடைக்கு வரும். அல்லது அதே பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும். நீதிமன்றம் தடையாணை கொடுத்துவிட்டால், அச்சிட்ட பைகள் வீணாவதோடு அறுவடைக் காலத்தில் சரக்கும் தேங்கிப் போகும்.

இருட்டுக்கடை வழக்கு

டிரேட் மார்க் எனப்படும் வணிகக் குறியைப் பற்றி உழவர்கள் அறிந்துகொள்ள, திருநெல்வேலியில் தொடங்கிய ஒரு வழக்கே போதும். நெல்லையப்பர் கோவில் அருகே மங்கலான வெளிச்சத்தில் அல்வா விற்ற சிறு கடையை மக்கள் 'இருட்டுக்கடை' என்று அழைத்தனர். கடைக்காரர் யோசித்து வைத்த பெயரன்று அது. வாங்கித் தின்றவர்கள் வைத்த பெயர். கடையின் உரிமையாளர் அப்பெயரைப் பதிவும் செய்துகொண்டார். பின்னர் வேறொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் வியாபாரம் தொடங்கி, அதற்கும் பதிவு பெற்றார். தன்னிடமும் பதிவு இருக்கும்போது தன்னை எப்படித் தடுக்கலாம் என்பது அவரது வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னால் பெற்ற பதிவைவிட, முன்பிருந்தே அந்தப் பெயரில் வியாபாரம் செய்து வருபவரின் உரிமையே மேலானது என்று 2015ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னால் ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டது அவரைக் காப்பாற்றவில்லை.

இந்தத் தீர்ப்பில் சிறு உழவருக்கு இரண்டு செய்திகள் உள்ளன. பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் பெயரின் மேலுள்ள உரிமை போய்விடாது என்பது ஒன்று. பதிவு செய்துவிட்டோம் என்று கவலையற்று இருந்துவிட முடியாது என்பது மற்றொன்று. யார் முதலில், விடாமல், அந்தப் பெயரில் விற்றார் என்பதே கேள்வி. அதற்குச் சாட்சி காகிதம்தான். பை அச்சிட்ட அச்சகத்தின் ரசீது, பெயர் போட்ட முதல் விற்பனைப் பட்டியல், கண்காட்சியில் கடை போட்டதற்கான ரசீது, செய்தித்தாளில் வந்த விளம்பரம் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்தல் நலம். உரம் வாங்கிய ரசீதைப் பெட்டியில் பூட்டி வைக்கும் உழவர்கள், அச்சகத்து ரசீதை அன்றே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ ஜி.எஸ்.டி. எண்ணோ பெயருக்கு உரிமை தருவதில்லை. ஆயினும் எந்தத் தேதியிலிருந்து தொழில் நடக்கிறது என்று காட்ட அவையும் உதவும்.

எந்தப் பெயர் நிற்கும்?

'சீரக சம்பா', 'மரச்செக்கு நல்லெண்ணெய்', 'அச்சு வெல்லம்' என்பவை பொருளின் பெயர்கள். பொருளையும் தரத்தையும் மட்டும் சொல்லும் சொற்களை எவரும் தமக்கே உரியதாக்கிக் கொள்ள 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஈரோடு மஞ்சள், கோவில்பட்டி கடலை மிட்டாய் போன்று புவிசார் குறியீடு பெற்ற பெயர்களும் தனி ஒருவரின் சொத்தல்ல. அந்தப் பகுதியில் அப்பொருளை உற்பத்தி செய்பவர்கள் சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்துகொள்ளலாம்.

சாமி பெயர்களை வைப்பதில் வேறொரு சிக்கல் உண்டு. கர்நாடகப் பால் கூட்டுறவு இணையம் 1985 முதல் 'நந்தினி' என்ற பெயரில் பால் விற்று வருகிறது. பெங்களூரில் 1989இல் தொடங்கிய ஓர் உணவகம் 'நந்தினி டீலக்ஸ்' என்ற பெயரைப் பதிவு செய்ய முனைந்தபோது இணையம் எதிர்த்தது. நந்தினி என்பது புராணத்தில் வரும் பசுவின் பெயர், அதை ஒருவரே முழுதாக உரிமை கொண்டாட முடியாது, இரு தரப்பின் படமும் பொருளும் வெவ்வேறு என்று கூறி, 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உணவகத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பாலும் பால் பொருள்களும் மட்டும் அப்பதிவிலிருந்து விலக்கப்பட்டன. பெரிய கூட்டுறவு இணையத்துக்கே இந்த நிலை என்றால், லட்சுமி, முருகன் என்று பெயர் வைத்த சிறு அரிசி ஆலைக்காரர் அடுத்தவரைத் தடுப்பது எளிதன்று. பொருளோடு தொடர்பில்லாத, வேறு எவரும் எண்ணாத ஒரு சொல்லே வலுவான பெயர். கேட்கச் சற்று விசித்திரமாக இருந்தாலும் பாதகமில்லை. இருட்டுக்கடையும் அப்படித்தானே!

படம் வரைந்தவருக்கும் உரிமை உண்டு

பையிலுள்ள ஏர் உழும் மாட்டின் படம் பதிப்புரிமைச் சட்டத்தில் அடங்கும். காசு கொடுத்து வரையச் சொன்னதால் படம் தமக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராவிட்டால், வரைந்தவரே உரிமை கொண்டாட வழி உண்டு. அதே படத்தை அச்சகம் வேறொருவர் பைக்கும் போட்டுக் கொடுத்தால் தடுப்பது கடினமாகும். ஆகவே படத்துக்குப் பணம் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும். உரிமை மாற்றம் எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிக்காவிட்டால், சட்டம் அதை ஐந்து ஆண்டாகவே கொள்ளும். பதிப்புரிமை உள்ள காலம் முழுவதற்கும் என்று தெளிவாக எழுதுவது அவசியம்.

பதிவு செய்யும் முறை

பை அச்சிடுவதற்கு முன்பே, வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரோ, உச்சரிப்பில் ஒத்த பெயரோ உள்ளதா என்று இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பொருளுக்கேற்ப வகுப்பு மாறும். சமையல் எண்ணெய் 29, அரிசி, வெல்லம், தேன், மஞ்சள் தூள் ஆகியவை 30, பச்சைக் காய்கனி, விதை, கால்நடைத் தீவனம் 31. மண்புழு உரம் போன்றவை முதல் வகுப்பில் வரும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிநபருக்கும் சான்று பெற்ற சிறு நிறுவனத்துக்கும் இணைய வழியில் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பிறருக்கு 9,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். பின்பு புதுப்பிக்க வேண்டும். முன்பே விற்று வருபவர், எந்தத் தேதி முதல் என்று உறுதிமொழிப் பத்திரமும் சான்றுகளும் இணைக்க வேண்டும். மேலே சொன்ன கோப்பு இங்குதான் முதலில் கைகொடுக்கும். பதிவு கிடைக்குமுன் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடக் கூடாது. அது சட்டப்படி தவறு.

ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் பதிவகத்தின் இதழில் வெளிவரும். உங்கள் பெயரை வேறொருவர் கேட்டிருப்பது தெரிந்தால், வெளியான நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அந்தக் கெடு கழிந்து பதிவாகிவிட்டால் நீக்கக் கேட்கும் வழி உண்டு. ஆனால் செலவு கூடும். தெரிந்தே ஐந்து ஆண்டு தொடர்ந்து பேசாமல் இருந்துவிட்டால், பின்னால் வந்த அந்தப் பதிவை எதிர்க்கும் உரிமையும் பொதுவாகப் போய்விடும்.

நோட்டீஸ் உங்களுக்கே வந்தால் பதற வேண்டாம். பதில் தராமலும் இருக்க வேண்டாம். அவர் எந்த வகுப்பில், எந்த ஆண்டிலிருந்து என்று பதிவகத்தில் பார்த்து, உங்கள் முதல் ரசீதின் தேதியோடு ஒப்பிடுங்கள். அவர் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் பதிந்ததற்கும் முன்பே நீங்கள் தொடர்ந்து விற்று வந்திருந்தால், அவரது பதிவு உங்களைத் தடுக்காது. உங்கள் தேதி பின்தங்கியிருந்தால், இருக்கும் பைகளை விற்றுத் தீர்க்க மூன்று மாதத் தவணை கேட்டுச் சமரசமாகப் பெயரை மாற்றிக்கொள்வது, மாவட்ட நீதிமன்றத்துக்கு அலைவதைவிடச் செலவு குறைந்த வழி.