அகமதாபாதில் பதிவான இசை, லண்டனில் வெளியீடு

புது தில்லி: 2023-ம் ஆண்டு வெளியான மின்னணு இசைத் தொகுப்புகளுள் ஆர்வலர்களிடையே பெரிதும் பேசப்பட்ட ஒன்று, அந்த ஆண்டில் உருவானதே அல்ல. அது 1969 முதல் 1972 வரை அகமதாபாதில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகத்தில் பதிவு செய்யப்பட்டது. 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற பெயரில் அதை வெளியிட்டது லண்டனைச் சேர்ந்த 'ஸ்டேட் 51 கான்ஸ்பிரசி' என்ற நிறுவனம். மத்திய அரசு தோற்றுவித்த நிறுவனத்தில் இந்தியர்கள் உருவாக்கிய இசை பொதுமக்களின் காதுக்கு எட்ட அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதுவும் கடல் கடந்து சென்று திரும்பிய பின்னரே.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-ல் நேரு அரசுக்கு அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1961-ல் தொடங்கப்பட்டது தேசிய வடிவமைப்பு நிறுவனம். அதன் தொடக்க காலத்தை வழிநடத்தியவர்கள் கௌதம் சாராபாயும் அவரது சகோதரி கிராவும். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் உடன்பிறந்தவர்கள். இன்னொரு சகோதரியான கீதா சாராபாய் பக்வாஜ் பயின்றவர். 1946-ல் நியூயார்க் சென்றிருந்தபோது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, கைம்மாறாக அவரிடம் மேற்கத்திய நவீன இசையைக் கற்றார். இந்த நட்பின் தொடர்ச்சியாகத்தான் கேஜின் நெருங்கிய சகாவான டேவிட் டியூடர் 1969-ல் அகமதாபாத் வந்தார். மூக் சிந்தசைசரையும் ஒலிநாடா இயந்திரங்களையும் கொண்டு அங்கு ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துத் தந்தார். தொலைக்காட்சி தில்லியைத் தாண்டாத காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

டியூடர் திரும்பிச் சென்ற பிறகும் கூடம் இயங்கியது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் பணியாற்றினர். 1970-ம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கான பதிவுகளும் இவற்றில் உண்டு. மாத்தூரின் ஒரு படைப்புக்கு 'முன்பொரு காலம் நான் தம்புரா மீட்டினேன்' என்று பொருள்படும் தலைப்பு. மேற்கத்திய இயந்திரத்தின் முன் அமர்ந்த இந்தியர், தம் மரபைக் கைவிடவும் இல்லை, அதற்குள்ளேயே ஒடுங்கிவிடவும் இல்லை என்பதற்கு அந்தத் தலைப்பே போதிய சான்று. தொகுப்பில் உள்ள எல்லாமே முழுமை பெற்ற படைப்புகள் அல்ல. சில வெறும் சோதனை முயற்சிகள். கருவியின் திசை தெரியாமல் தட்டுத் தடுமாறுபவை. ஆயினும் அந்தத் தடுமாற்றத்தில் ஒரு சுதந்திரம் ஒலிக்கிறது.

இந்த ஒலிநாடாக்களை நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த கலைஞரான பால் பர்காஸ். அவர் 2020-ல் பிபிசி வானொலிக்காக இது குறித்து ஒரு நிகழ்ச்சியைத் தயாரித்தார். மூன்றாண்டுகள் கழித்து இசைத் தொகுப்பு வந்தது.

இது தனி நிகழ்வு அன்று. மும்பை திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982-ல் மூன்று ரோலண்ட் மின்னணுக் கருவிகளைக் கொண்டு 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவற்றுள் பூபாலி (நமது மோகனம்), மால்கௌன்ஸ் (ஹிந்தோளம்), யமன் (கல்யாணி) ஆகியவை தமிழ்ச் செவிகளுக்கு அந்நியமானவை அல்ல. அன்று அதைச் சீந்துவாரில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் அதே கருவியிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்தது பின்னர்தான். 2010-ல் நெதர்லாந்து நிறுவனம் ஒன்று சிங்கின் இசைத்தட்டை மறுவெளியீடு செய்த பிறகே இந்தியப் பத்திரிகைகள் அவரைத் தேடிச் சென்றன. முதுமையில் ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு, 2015-ல் அவர் மறைந்தார். ரூபா பிஸ்வாஸ் என்ற வங்கப் பாடகி கனடாவில் பதிவு செய்து 1982-ல் வெளிவந்த 'டிஸ்கோ ஜாஸ்' தொகுப்பும் இவ்வாறே மறக்கப்பட்டு, 2019-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றால் மீட்கப்பட்டது.

அயல்நாட்டு ஆர்வலர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் இல்லையேல் இந்த இசையும் இல்லை. கேள்வி தில்லியை நோக்கியே எழுப்பப்பட வேண்டும்.

1954-ம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட 4 பொது நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். 1956-ல் நாளிதழ்களும் இதில் சேர்க்கப்பட்டன. 'நூல்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் வரைபடம் உண்டு. தனியே அச்சிடப்பட்ட இசைக்குறிப்புத் தாளும் உண்டு. அந்தக் குறிப்பைப் பார்த்து ஒருவர் வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டுக்கு மட்டும் இடமில்லை.

சாஸ்திரிய இசைக்கு ஆகாசவாணியின் காப்பகம் இருக்கிறது. திரைப்பாடல்களைக் காப்பதில் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வணிக லாபம் இருக்கிறது. தலைநகரில் உள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தின் கீழ் ஒலி, ஒளி ஆவணங்களை எண்முறைக்கு மாற்றும் பணி நடந்திருக்கிறது. ஆனால் இந்த மூன்று வரம்புக்குள்ளும் எளிதில் அடங்காத தனிக் கலைஞர்களின் இசை யாருடைய பொறுப்பு என்பது வரையறுக்கப்படவில்லை. காந்த நாடாக்களை ஒலிக்கச் செய்யும் இயந்திரங்களும் உதிரிபாகங்களும் அருகி வருவதாக 2019-ல் யுனெஸ்கோவின் திட்டம் ஒன்று எச்சரித்தது. காத்திருப்பதற்கான அவகாசம் குறைவு.

இன்றைய கலைஞர்களின் நிலையும் பாதுகாப்பானதல்ல. தில்லியின் 'இந்தியன் ஓஷன்' குழு, தாங்கள் ஒத்திகை பார்த்துவந்த கரோல்பாக் வீட்டின் முகவரியையே தலைப்பாக்கி, '16/330 கஜூர் ரோடு' தொகுப்பை 2010-ல் மாதம் ஒரு பாடல் வீதம் இணையத்தில் இலவசமாக வெளியிடத் தொடங்கியது. இசை நிறுவனங்களின் தயவை நாடாத அந்தத் துணிவு அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டியது எனலாம். தில்லியிலேயே உருவான 'பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி' 2024-ல் வெளியிட்ட 'பீட்டா' வெளிநாடுகளிலும் கவனம் பெற்றது.

எனினும் இத்தகைய தொகுப்புகளில் பலவற்றின் இருப்பிடம் அயல்நாட்டு நிறுவனங்களின் கணினிகள்தான். அமெரிக்காவின் 'மைஸ்பேஸ்' இணையதளத்தில் 2015-ம் ஆண்டு வரை இசைக் குழுக்கள் பதிவேற்றியிருந்த பாடல்கள், கணினிகளை மாற்றும்போது அழிந்துவிட்டதாக அந்நிறுவனம் 2019-ல் அறிவித்தது. வேறெங்கும் பிரதி வைத்திராத குழுக்கள் பலவற்றுக்கு அவை திரும்பக் கிடைக்கவில்லை.