வழக்குரையும் குளிர்த்தியும்: ஒரு தொலைக்காட்சி நாடகமும் அதன் பார்வையாளரும்

1

கலை சமுதாயத்தை மாற்றவல்லதா என்னும் வினா மார்க்சிய விமரிசனத்திற்குப் புதியதன்று. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் நிகழ்ந்தவை அவ்வினாவை மீண்டும் கூர்மையாக எழுப்பின. அவ்வாண்டு ஜனவரி 1 முதல் 4 வரை, ‘மிஸ்ரர் பேற்ஸ் வேர்சஸ் த போஸ்ற் ஒபிஸ்’ என்னும் நாடகத்தை ஐ.ரி.வி. நிறுவனம் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பியது. எழுதியவர் குவினெத் ஹியூஸ். தபால் நிறுவனத்தின் பொய்யை இருபது ஆண்டுகள் விடாது எதிர்த்த அலன் பேற்ஸ் என்னும் உப தபாலதிபரே அதன் கதாநாயகர். அதனைக் கண்டவர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. ஐந்து மாதங்களுக்குள் ஒரு சட்டம் பிறந்தது. இவ்வெதிர்வினை எவ்வாறு தோன்றிற்று, அதன் எல்லை யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலிற் பொருளாதார அடித்தளத்தை நோக்குதல் வேண்டும். பிரித்தானிய உப தபாலதிபர் சம்பளம் பெறும் ஊழியரல்லர். தம் சேமிப்பை முதலிட்டுக் கடையொன்றை வாங்கி, அதனுள் தபாற் கருமங்களை ஒப்பந்த அடிப்படையில் நடத்துபவர். தோற்றத்திற் சிறு முதலாளி. நடைமுறையிலோ பெருநிறுவனத்தின் கட்டளைக்கு அடங்கியவர். கணக்கிற் குறைவு காணப்படின் அதனைத் தம் கைப்பணத்தால் நிரப்ப வேண்டுமென நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி வற்புறுத்தியது. தொழிற்சங்கப் பலமும் இல்லை, முதலாளியின் பாதுகாப்பும் இல்லை என்ற இரண்டுங்கெட்ட நிலை இது. இவர்களுட் கணிசமானோர் தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1999இல் ‘ஹொறைசன்’ என்னும் கணனி முறைமை புகுத்தப்பட்டது. அதனை வழங்கியது பியூஜிற்சுக் கம்பனி. முறைமையின் வழுக்களாற் கணக்கிற் பொய்க் குறைவுகள் தோன்றின. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களுக்கு, இத்தகைய முறைப்பாடு வேறெவரிடமிருந்தும் வரவில்லை என்று கூறப்பட்டது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது தபால் நிறுவனமே; முறைப்பாட்டாளரும் புலனாய்வாளரும் வழக்குத் தொடுநரும் ஒருவராகவே அமைந்தனர். கணனி சரியாகவே இயங்கிற்று என ஆங்கிலச் சட்டம் முதலில் ஊகித்துக்கொள்வதால், அது பிழையென எண்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர்மேல் விழுந்தது. எண்பிப்பதற்குரிய பதிவுகளோ கம்பனிகளின் வசமிருந்தன. 2010இற் கருவுற்றிருந்த நிலையிற் சிறை சென்ற சீமா மிஸ்ராவின் வழக்கு இக்கொடுமையின் உச்சம்.

பேற்ஸ் தம்மீது சுமத்தப்பட்ட குறைவை ஏற்க மறுத்தார். 2003இல் அவரது ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டது. 2009இல் அவர் பாதிக்கப்பட்டோரை ஓர் அமைப்பாகத் திரட்டினார். நிறுவனத்தின் உள்ளிருந்து உண்மை உரைத்தவர் பியூஜிற்சுவின் முன்னாள் ஊழியரான றிச்சட் றோல். கிளைக் கணக்குகளைத் தொலைவிலிருந்தே மாற்ற முடியும் என 2015இல் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் அவர் வெளிப்படுத்தினார்.

3

இவை யாவும் நாடகத்திற்கு முன்னரே வெளிவந்த செய்திகளாகும். ‘கொம்பியூற்றர் வீக்லி’ 2009இலேயே எழுதிவிட்டது. 2019இல், 555 பேர் இணைந்து தொடுத்த வழக்கில், ஹொறைசன் நம்பத்தக்கதன்று என மேல் நீதிமன்றம் தீர்த்தது. இணக்கப்பாட்டில் நிறுவனம் கொடுத்தது ஐந்து கோடியே எழுபத்தேழரை இலட்சம் பவுண். வழக்குச் செலவு போக அவர்களுக்கு எஞ்சியது ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சமே. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. அவ்வாறிருந்தும் பொதுமக்கள் கொதித்தெழவில்லை. நாடகம் கண்டபின் கொதித்தெழுந்தனர். ஏன்?

நிறுவனத்தின் முதன்மை ஆயுதம் கணனியன்று. தனிமைப்படுத்தலே என்பது எமது கருத்து. ‘உமக்கு மட்டுமே இது நேர்ந்தது’ என்ற கூற்று, ஒரு சமூக அநீதியைத் தனிமனித அவமானமாக மாற்றியது. செய்தியறிக்கை தொகையைக் கூறிற்று, அவமானத்தைக் கூறவில்லை. நாடகமோ, தனித்தனி வீடுகளில் அழுதவர்களை ஒரே காட்சித் தொடரில் அருகருகே நிறுத்தியது. ஊர் மண்டபமொன்றில் அவர்கள் முதன்முறையாகக் கூடும் கட்டத்தில், தனிமனித அவமானம் கூட்டு நியாயமாக மாறுகின்றது. பார்வையாளரிடையிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை மௌனமாயிருந்த பாதிக்கப்பட்டோர் பலர் ஒளிபரப்பின் பின்னரே சட்டத்தரணிகளை நாடினர்.

உணர்ச்சி ஒன்றுதல் பார்வையாளரின் சிந்தனையை மழுங்கச் செய்யும் என்பது பிறெக்ற்றின் எச்சரிக்கை. நம்மிற் பலர் அதனைச் சூத்திரமாகவே கொண்டுள்ளோம். இந்நாடகம் அச்சூத்திரத்திற்கு ஒரு திருத்தத்தை வேண்டி நிற்கின்றது. அமைப்பாகத் திரண்ட போராட்டம் ஏற்கெனவே களத்தில் இருக்கும்போது உணர்ச்சி வடிந்துபோவதில்லை. பாய்வதற்கு அதற்கொரு வாய்க்கால் கிடைக்கின்றது. பதினைந்து ஆண்டுப் போராட்டம், தீர்ப்பு, பொது விசாரணை, நெருங்கிவந்த பொதுத் தேர்தல் ஆகியன இல்லாதிருப்பின் இந்நாடகம் நான்கு நாட் கண்ணீராகவே முடிந்திருக்கும்.

4

எதிர்வினையின் போக்கும் ஆராயத்தக்கது. நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி போலா வெனல்ஸ் பெற்ற அரச விருதைப் பறிக்கக் கோரிய மனுவிற் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். ஜனவரி 9ஆம் நாள் விருதைத் திருப்பியளிப்பதாக அவர் அறிவித்தார். மறுநாளே பிரதமர் றிஷி சுனக் புதிய சட்டத்திற்கு உறுதி கூறினார். மே 24ஆம் நாள் அது நிறைவேறி, நூற்றுக்கணக்கானோரின் தண்டனைத் தீர்ப்புகளை ஒருசேர நீக்கியது.

இவை பெரும் பேறுகளே. ஆயினும் கோபம் ஓர் ஆளை நாடிச் சென்ற வேகத்தில் அமைப்பை நாடிச் செல்லவில்லை. 2019 தீர்ப்பின் பின்னரும் பியூஜிற்சுவுடனான ஒப்பந்தம் நீடிக்கப்பட்டமை மனு எழுதியோரின் முதற்கவலை ஆகவில்லை. வில்லன், கதாநாயகன் என்னும் நாடக வாய்பாடு, உற்பத்தி உறவுகளைக் குணவியல்புகளாகச் சுருக்கிவிடுகின்றது. இப்சன் 1882இல் எழுதிய ‘மக்கட் பகைவன்’ நாடகத்தில் உண்மை உரைக்கும் வைத்தியர் இறுதியிற் தனித்து நிற்கின்றார். தனித்து நிற்பவனே வலியவன் என்பது அதன் முடிவு. 1989இல் அதனைக் ‘கணசத்ரு’ எனத் திரைப்படமாக்கிய சத்யஜித் ராய், வைத்தியருக்கு ஆதரவான மக்கட் குரல் வெளியிலிருந்து ஒலிக்குமாறு முடிவை மாற்றினார். பேற்ஸின் நாடகம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: தலைப்பில் ஒருவர், கதையிற் பலர்.

5

இப்பொருள் திருக்கோவிற் பகுதி வாசகருக்கு அந்நியமானதன்று. அயலூரான தம்பிலுவிற் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படுவதை நாம் கேட்டு வளர்ந்தோம். வித்துவான் வீ. சீ. கந்தையா பதிப்பித்த அந்நூலின் மையமும் பொய்க் களவுக் குற்றச்சாட்டே. அரசன் ஆராயாது தண்டிக்கின்றான். உண்மையோ சிலம்பின் உள்ளே இருக்கின்றது. அது உடைக்கப்படும்போதே நீதி வெளிப்படுகின்றது. ஹொறைசனின் உட்பரலும் அவ்வாறே மறைந்திருந்தது. றோலின் சாட்சியம் அச்சிலம்பின் முதல் உடைவு எனலாம்.

ஆயின் சடங்கு வழக்குரையுடன் முடிவதில்லை. எரியெழுந்த சினத்தைத் தணிக்கக் குளிர்த்தி நடைபெறுகின்றது. கூடிநிற்கும் ஊரவர் அனைவரும் அதிற் பங்காளிகள். நீதி கிட்டியபின் சினம் ஆறுதல் வாழ்விற்கு இன்றியமையாதது. நீதி முழுமையாகக் கிட்டுமுன் சினம் ஆறிவிடின் அது ஆள்வோருக்கே வாய்ப்பாகும். 2025 ஜூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கையின் முதற்பகுதி, குறைந்தது 13 பேர் இதன் காரணமாக உயிர் மாய்த்திருக்கலாம் எனக் கூறியது. அப்போதும் பலர் முழு இழப்பீட்டிற்காகக் காத்திருந்தனர்.

இலங்கையில் 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் ஊழலை வெளிப்படுத்துவோருக்குப் பாதுகாப்பை எழுத்தில் வழங்கியுள்ளது. எழுத்து உயிர்பெறுவதற்கு, உண்மை உரைப்பவரைச் சூழ்ந்து நிற்கும் ஊர் வேண்டும். பார்வையாளன் அவ்வூரின் உறுப்பினனாக மாறும் அளவிலேயே நாடகம் தன் பணியைச் செய்கின்றது. எஞ்சிய பணி நாடகத்தினுடையதன்று, நம்முடையது.